மோதிர விரல்

எதிர்வீட்டில் சண்டை வந்துவிட்டால் என் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது. நடுவில் இருப்பது ஒரு டிராக்டர் போகிற அகலத்துக்குத் தெரு. அவர்கள் கத்துவதோ வாய்க்கால் மதகு வரைக்கும் கேட்கும். கேட்காமல் இருக்க என் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எதிர்வீடு வீரையனுடையது. அவர் மனைவி மங்களாம்பிகையை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை, ஊர் வழக்கம். மகன் சூர்யபிரகாஷ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி குந்தவை இங்கே மாமனார் மாமியாரோடு இருக்கிறாள். வீரையன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அவர் பங்குக்கும் சேர்த்துப் பெரியம்மா பேசிவிடுவாள்.

அந்தப் புரட்டாசியில் சண்டை போனில் ஆரம்பித்தது. குறுவை அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஈரப்பதம் கூடுதல் என்று எடுக்கவில்லை. மூட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து தார் ரோட்டில் கொட்டி, வெயில் அடித்தால் விரிப்பதும் மேகம் கறுத்தால் குவிப்பதுமாக அல்லாடினார்கள். முக்கால்வாசி வேலை குந்தவைக்குத்தான். காலால் துழாவி, கையால் அள்ளி, நெல் சுணை கீறி அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஒரு மத்தியானம் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடியவளின் இடுப்பிலிருந்து போன் நழுவி, ரோட்டோரப் பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது.

அதோடு விட்டிருந்தால் போன் பிழைத்திருக்கும். பெரியம்மா அதைப் பிடுங்கினாள். "அரிசியில போட்டா ஈரத்த இழுத்துடும்னு டிவியில சொன்னான்" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த நெல் மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் புதைத்தாள். அரிசி வேறு நெல் வேறு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது ஈரமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிய நெல். அதில் கிடந்தால் போன் எப்படிக் காயும்? மறுநாள் சாயங்காலம் எடுத்தபோது அது வேர்த்துப்போயிருந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. ஆனால் கீழே இருக்கிற வட்டப் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அந்தப் போனில் எது செய்வதானாலும் முதலில் அந்தப் பட்டனைத்தான் அழுத்த வேண்டும். விரலை வைத்தால் ரேகை பார்த்துத் திறப்பதும் அதே பட்டன்தான்.

"வேணும்னே தண்ணியில போட்டிருக்கா. எம்புள்ள கூப்புட்டா பேச வேண்டியிருக்கும்ல" என்றாள் பெரியம்மா, தெருவுக்கே கேட்கும்படி.

"நெல்லுல பொதைச்சது யாருங்க அத்தை?" என்றாள் குந்தவை.

"காப்பாத்தலாம்னு பொதைச்சேன். அதுக்கு எனக்கு இது வேணும்."

"கொள்முதல்ல கையில அள்ளிப் பாத்ததுமே ஈரம்னு தள்ளுன நெல்லு. அது ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? நீ பொறக்குறதுக்கு முன்னாடியிலேர்ந்து நெல்லோட கெடக்குறவ நான். எங்கிட்ட நெல்லப் பத்திப் பேசுறா பாரு!"

"அப்ப தெரிஞ்சுதான் போட்டீங்க."

பெரியம்மா கையில் இருந்த முறத்தை வாசலில் விட்டெறிந்தாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் வைத்த சுண்டைக்காய் வற்றல் குழம்பை யாரும் தொடவில்லை. காலையில் அதை அப்படியே கொண்டுவந்து என் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனாள் குந்தவை. என் மாடு அதையும் தொடவில்லை.

ஒரு போனுக்கா இவ்வளவு என்று கேட்டால், போனுக்கு இல்லை.

குந்தவைக்கு ஒரே தங்கை, பிரகதீஸ்வரி. திருத்துறைப்பூண்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் புருஷன் ராஜ்குமாரும் அதே கப்பல் பட்டறையில் சூர்யபிரகாஷோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறான். அக்காளும் தங்கையும் எழுதி அனுப்புகிற ரகம் இல்லை. வாட்ஸப்பில் குரலாகப் பேசிப் பேசி அனுப்பிக்கொள்வார்கள். பாத்திரம் விளக்கும்போதும் பேச்சு, கீரை ஆயும்போதும் பேச்சு. மாமியாரோடு மல்லுக்கட்டிய எரிச்சலில் ஒருநாள் குந்தவை, "அவரு வந்தா என்ன, வராட்டி என்னடி, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று தங்கைக்கு அனுப்பிவிட்டாள். கோபத்தில் சொல்வதுதான். என் வீட்டுக்காரரைப் பற்றி நான் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறேன்.

கொஞ்ச நாளில் சூர்யபிரகாஷ் கூப்பிட்டு, "வந்தாலும் வராட்டியும் ரெண்டும் ஒண்ணுதானாமே ஒனக்கு?" என்று அதே வார்த்தையைத் திருப்பி அடித்தான். யார் சொன்னது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதிலிருந்து அவன் கூப்பிடுவது குறைந்தது, கூப்பிட்டாலும் குத்தல்தான். குந்தவை யோசித்துப் பார்த்தாள். அவள் சொன்னது தங்கையிடம் மட்டும். தங்கை தன் புருஷனிடம் சொல்லியிருக்க வேண்டும், அவன் அறையில் சொல்லியிருக்க வேண்டும். வேறு வழியே அவளுக்குத் தெரியவில்லை. தங்கையைக் கூப்பிட்டு, "நீ நல்லா இருக்க மாட்டடி" என்று சொல்லி, அவள் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள். அப்போது பிரகதிக்கு நிறைமாசம்.

பிள்ளை பிறந்த சேதி அம்மா மூலமாக வந்தது. குந்தவை போகவில்லை. பேர் வைக்கிற அன்றைக்கு இவள் ரோட்டில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். நான் போய், "ஒரு வயித்துல பொறந்தவள இப்படி வெட்டி விடலாமாடி?" என்று கேட்டேன்.

"அவதான் வெட்டுனா தையக்கா" என்றாள். என் பேர் தையல்நாயகி. அவளுக்கு நான் தையக்கா. "புருஷன் பேசாததுகூட எனக்குப் பெரிசில்ல. அவ இப்படிப் பண்ணிட்டாளே, அதுதான் தாங்க முடியல. புள்ளைக்கு என்ன பேரு வச்சாங்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டு நெல்லைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

மன்னார்குடியில் குளத்துக் கரையில் சலாஹுதீன் பாய் போன் பழுது பார்க்கிறார், அவரிடம் காட்டலாம் என்று நான்தான் சொன்னேன். குந்தவை என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். கிளம்புகிற நேரத்தில் பெரியம்மாவும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்க எதுக்குங்க அத்தை? நெல்லு கெடக்கு."

"நெல்ல ஒன் மாமனாரு பாத்துக்குவாரு. நீ தனியா போயி எத எத அழிச்சிட்டு வருவியோ, யாரு கண்டா?"

காசில்லாத டவுன் பஸ். மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார வேண்டியதாயிற்று, நடுவில் நான். இரண்டு பக்கமும் சூடு. குந்தவை தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"தோலே இல்ல தையக்கா. நேத்து ரேஷன் மிஷின்லயே என் வெரல் எடுக்கல. போன் எங்க எடுக்கப் போவுது?"

"எனக்கு மட்டும் எடுக்குதா?" என்று ஜன்னலைப் பார்த்தபடியே பெரியம்மா குறுக்கே விழுந்தாள். "நடவு நட்டு நட்டு எல்லா வெரலும் மழுங்கிப் போச்சு. கட்ட வெரல வச்சா ரேஷன் கடக்காரன் மொறைக்கிறான். எடது கை மோதர வெரல் ஒண்ணுதான் எடுக்குது. அதுக்காக நான் ஊரக் கூட்டி அழுவுறனா?"

மன்னார்குடி வரை ரோட்டின் இரண்டு பக்கமும் எல்லா ஊர்க்காரர்களும் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு வானத்தை முறைத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் பாதி ரோட்டில்தான் போனது.

சலாஹுதீன் பாய் முன்பு சவூதியில் இதே வேலை பார்த்தவர். இப்போது குளத்தைப் பார்த்த மாதிரி ஒரு சின்னக் கடை. எங்களை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார். பட்டனைச் சுற்றி இடுக்கியால் நோண்டினார். ஒரு நெல் உமி வந்தது. பிறகு மஞ்சளாகத் தூசி வந்தது.

"என்ன தங்கச்சி இது, போனுக்குள்ள சம்பா போட்டிருக்கியளா?"

"குறுவை" என்றாள் குந்தவை.

"இவங்க பொதைச்சது" என்று பெரியம்மாவைக் காட்டினேன் நான். என்னால் அடக்க முடியவில்லை.

"ஆமாடி, நீயும் சேந்துக்க" என்றாள் பெரியம்மா.

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு பஞ்சால் துடைத்தார். "பாருங்க, இதுல ரெண்டு வேல இருக்கு. பட்டன் அழுந்துறது ஒண்ணு, வெரல் ரேகை பாக்குறது ஒண்ணு. ரெண்டும் ஒரே துண்டு. நான் வேற பட்டன் வாங்கிப் போட்டா அழுந்தும், ஆனா வெரல் எடுக்காது. இந்தப் போனோட கம்பெனியில பொருத்துன பட்டன்தான் ரேகை படிக்கும். அதனால சுத்தம் பண்ணிப் பாக்குறேன். தேறலன்னா மாத்திடுறேன்."

"மாத்திடுங்க பாய். நான் நம்பர் போட்டுத் தொறந்துக்குவேன். வெரல் தேவையில்ல" என்றாள் குந்தவை.

"மாத்தாதீங்க" என்றாள் பெரியம்மா.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"எதுக்கு மாத்தணும்? இருக்குறத சரி பண்ணுங்க. வெரல் எடுக்கணும். எம்புள்ள ஆசையா வாங்கிக் குடுத்தது, இருந்தபடி இருக்கணும்."

எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது. பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதிலும் பச்சையையும் சிவப்பையும் தவிர வேறு எதையும் அவள் தொட்டதில்லை. மருமகள் போன் விரலில் திறந்தால் என்ன, நம்பரில் திறந்தால் என்ன, இந்த அம்மாளுக்கு எதற்கு இந்த அக்கறை என்று நினைத்தேன். புள்ளைமேல் உள்ள பாசம் என்று விட்டுவிட்டேன்.

பாய் ஏதோ ஒரு திரவத்தில் பிரஷை நனைத்துப் பட்டனைச் சுற்றித் தேய்த்தார். சின்ன ஊதியால் சூடு காட்டினார். உள்ளேயிருந்து அவர் மனைவி பர்வின் தேத்தண்ணீர் கொடுத்தனுப்பினாள். பெரியம்மா வேண்டாம் என்றாள். குந்தவை அவள் டம்ளரையும் சேர்த்துக் குடித்தாள். மாமியாரைக் கடுப்பேற்றத்தான் குடித்தாள் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் பட்டன் டிக்கென்று மேலே வந்தது. பாய் போனை மூடி உயிர் கொடுத்தார்.

"அணைச்சுப் போட்டதால மொதல்ல நம்பர்தான் கேக்கும். அப்பறந்தான் வெரல். நம்பரப் போடு தங்கச்சி."

குந்தவை முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு நம்பரைப் போட்டாள்.

"ஒளிச்சுப் போடுறா பாரு, ராணுவ ரகசியம்" என்றாள் பெரியம்மா.

போன் திறந்தது. பாய் பக்கத்து விசையை அழுத்தித் திரையை மட்டும் அணைத்து, "இப்ப வெரல வையி" என்றார். குந்தவை கட்டை விரலை வைத்தாள். போன் ஒரு உதறு உதறிவிட்டுச் சும்மா இருந்தது. புடவையில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைத்தாள். அதற்கும் உதறல்தான்.

பாய் உதட்டைப் பிதுக்கினார். "அழுந்துது. ஆனா ரேகை படிக்கிறது செத்துப்போச்சு போல. சரி, ஒண்ணும் பண்ண முடியாது, வேற பட்டன் போட்டுடுறேன்."

"போடுங்க" என்றாள் குந்தவை.

"எப்புடிச் சாவும்?" என்று பெரியம்மா எழுந்தே விட்டாள். "அவ வெரல்ல தோலு இருக்கா பாருங்க மொதல்ல. அவ வெரல வச்சுப் பாத்துட்டு செத்துப்போச்சுங்குறீங்க? அதெல்லாம் ஒண்ணும் சாவல, நல்லாத்தான் இருக்கு. இங்க குடுங்க இப்படி!"

போனை வாங்கினாள். முந்தானையால் பட்டனை ஒரு துடை துடைத்தாள். கட்டை விரலை வைக்கவில்லை, ஆள்காட்டி விரலை வைக்கவில்லை. இடது கையின் மோதிர விரலை நேராகப் பட்டனில் வைத்தாள்.

போன் திறந்துகொண்டது.

"பாத்தீங்களா?" என்றாள் பெரியம்மா. ஜெயித்த முகத்தோடு அதை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகுதான் அந்த முகம் மாறியது.

குந்தவை போனைப் பார்த்தாள், அந்த விரலைப் பார்த்தாள். பாய் தலையைக் குனிந்துகொண்டு இடுக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"யாரு வச்சது அத்தை?"

"எது?"

"ஒங்க வெரல. இந்தப் போன்ல யாரு பதிஞ்சு வச்சது?"

"எம்புள்ள வாங்குன போனுடி இது. எனக்கு உரிமையில்லையா? போன லீவுல வந்தப்ப அவந்தான் வச்சுக் குடுத்தான். அவ என்ன பேசுறான்னு ஒரு காது வச்சுக்கம்மான்னு சொல்லிட்டுப் போனான். நானா கேட்டேன்?"

"பிரகதிகிட்ட நான் பேசுனதெல்லாம்..."

"நீ குளத்துக்குக் குளிக்கப் போவ. போன் சார்ஜ்ல கெடக்கும். எனக்கு எழுத்துதான் தெரியாது, காது கேக்கும்." பெரியம்மாவுக்குக் குரல் திரும்ப ஏறிவிட்டது. "பேசுனதத்தான அவங்கிட்ட சொன்னேன்? நீ பேசாததையா சொன்னேன்?"

"என் தங்கச்சிய நான் நல்லா இருக்க மாட்டடின்னு சொன்னேன் அத்தை. வாயும் வயிறுமா இருந்தவள. அப்ப நீங்க பக்கத்துலதான் முருங்கக்கீர உருவிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. அவ இல்ல, நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நானா ஒன்ன அப்புடிச் சொல்லச் சொன்னேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அம்மாளைப் பிடித்துக் குளத்தில் தள்ளியிருப்பேன். குந்தவை கையைக்கூட ஓங்கவில்லை. போனை வாங்கி பாயின் மேஜையில் வைத்தாள்.

"பாய், அந்தப் பட்டனப் புடுங்கிடுங்க."

"நல்லா வேல செய்யிதேம்மா. அந்த வெரல மட்டும் அழிச்சுடலாம். நிமிஷத்து வேல."

"வேணாம். புடுங்குங்க. இனிமே இதுல எந்த வெரலும் வேணாம்."

பாய் பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடி போனைத் திறந்து பட்டனைக் கழற்றினார். இருந்த ஓட்டையை ஒட்டுத் துண்டால் மூடினார். அழுத்துவதற்குப் பதிலாகத் திரையிலேயே ஒரு வட்டம் தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்தார். குந்தவை புது நம்பர் போட்டாள். இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை, மாமியாரின் கண்ணெதிரேயே போட்டாள். எழுத்தும் எண்ணும் தெரியாதவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கழற்றிய பட்டனை எடுத்துப் பெரியம்மாவின் கையில் வைத்தாள் குந்தவை. "இந்தாங்க. ஒங்க புள்ள வாங்குனது."

கடை வாசலிலேயே நின்று தங்கையின் நம்பரை விடுவித்துக் கூப்பிட்டாள். காதில் வைக்கிற பக்கத்தில் இன்னும் ஈரம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்டது. அதனால் எங்களுக்கும் கேட்டது. மணி அடித்து அடித்து ஓயப் போகிற நேரத்தில் எடுத்தாள்.

"என்ன?" என்றாள் பிரகதி. யார் என்று கேட்கவில்லை.

"நாந்தான்டி. நீ சொல்லலடி. அத்தைதான் என் போனத் தொறந்து கேட்டிருக்காங்க. இப்பதான் தெரிஞ்சுது. நான் ஒன்ன..."

"நான் அன்னிக்கே சத்தியம் பண்ணேன். காதுல வாங்குனியா நீ?"

"இல்லடி."

"புள்ள பொறந்து மூச்சு விடாம கண்ணாடிப் பொட்டியில வச்சிருந்தாங்க. எல்லாரும் சாமிய கூப்புட்டாங்க. எனக்கு ஒன் வாயிலேர்ந்து வந்த வார்த்ததான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

குந்தவை சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்குவது கேட்டது.

"புள்ளைக்குப் பேரு என்னடி வச்ச?"

"நேர்ல வந்து கேட்டுக்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள் பிரகதி.

குந்தவை முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் கூடவே ஓடினேன். திருத்துறைப்பூண்டி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. மாற்றுப் புடவை இல்லை, காலில் வயலுக்குப் போடுகிற ரப்பர் செருப்பு. "எப்ப வருவ?" என்று கேட்டேன். "மாமாவ மழ வந்தா தார்ப்பாய இழுத்துப் போடச் சொல்லுங்க தையக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பஸ் போய்விட்டது.

எங்கள் ஊர் பஸ்ஸில் பெரியம்மா பக்கத்தில் நான் உட்காரவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் திரும்பி, "ஊருல போயி எதையும் சொல்லிக்கிட்டிருக்காத" என்றாள். நான் சொல்லத்தான் போகிறேன் என்று அவளுக்கும் தெரியும்.

பாதி வழியில் அவள் மடியில் இருந்த பட்டன் போன் அலறியது. அதில் பேசினால் பேசுவது பஸ்ஸுக்கே கேட்கும். சூர்யபிரகாஷ்தான்.

"என்னம்மா, அவ போன் சரியாயிடுச்சா?"

பெரியம்மா உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அந்த வட்டத் துண்டு இன்னும் அங்கேதான் இருந்தது.

"சரியாயிடுச்சு. பட்டனத்தான் கழட்டிட்டாடா" என்றாள்.

எதற்குக் கழற்றினாள் என்று அவன் கேட்கவில்லை.